47 வயசுல ரத்தப்போக்கு நிக்காம போனா கர்ப்பப்பையை எடுத்துத்தான் ஆகணுமா?

கேள்வியை முதல்ல சுருக்கமா எழுதிக்கிறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. கேட்டவங்களோட அம்மாவுக்கு 47 வயசு, புதுவயல்ல ரைஸ் மில் வேலை. ஆறேழு மாசமா தீட்டு வந்தா 10, 12 நாள் வரைக்கும் போகுது, கட்டிகட்டியா விழுகுது, படியேறுனா மூச்சு வாங்குது. எச்பி, அதாவது ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின், பாத்தா 7.8. ஸ்கேன்ல 2 சென்டிமீட்டர்ல ஒரு ஃபைப்ராய்டு கட்டி இருக்குன்னு வந்துருக்கு, காட்டுன இடத்துல "கர்ப்பப்பையை எடுத்துருங்க, இனிமே அது எதுக்கு"ன்னு சொல்லிட்டாங்க. வீட்ல அப்பத்தா "நிக்கப்போற காலத்துல எல்லாருக்கும் அப்படித்தான் கொட்டும், ஆப்பரேசன்லாம் வேணாம்"ங்கிறாக. மக சென்னையில வேலைல இருந்துகிட்டு, நான் யார் சொல்றதைக் கேக்கன்னு கேக்குறாங்க.

நான் டாக்டர் இல்ல தாயி. காரைக்குடி சுத்துவட்டாரத்துல அரசு ஆஸ்பத்திரியில பிரசவ வார்டுலயும் பெண்கள் ஓபியிலயும் வேலை பாத்து ரிட்டயர்ட் ஆன நர்ஸ். இதே கதையை வேற வேற வாயில இருந்து நிறைய கேட்டுருக்கேன், அதனால தெரிஞ்சதைச் சொல்றேன், முடிவு உங்க அம்மாவை நேர்ல பாக்குற டாக்டர்கூட பேசித்தான் எடுக்கணும்.

என் பதில் இதுதான். அப்பத்தா சொல்ற மாதிரி விட்டுறவும் கூடாது, காட்டுன இடத்துல சொன்ன மாதிரி உடனே எடுத்துறவும் கூடாது. ரெண்டு பேருமே ஏன் ரத்தம் போகுதுன்னு பாக்காமலே முடிவு சொல்லிட்டாங்க. உடம்புல ரத்தத்தைக் கூட்டுற வேலை இந்த வாரமே ஆரம்பிக்கணும், கூடவே காரணத்தைத் தேடணும், ஆப்பரேசன் வேணுமா வேணாமாங்கிற பேச்சு அதுக்கப்புறம்தான்.

எது அதிகம் எது சாதாரணம்னே நம்ம பொம்பளைங்க பலருக்குத் தெரியாது, ஏன்னா யார்கிட்டயும் ஒப்பிட்டுப் பேசுறதில்ல. பொதுவா 7, 8 நாளுக்குள்ள நின்னுறணும். ஒரு மாசத்துக்கு மொத்தமா 30, 40 மில்லி போறதுதான் வழக்கம், 80 மில்லிக்கு மேல போனா அதிகம்னு கணக்கு. ஆனா யாரு அளந்து பாக்குறது, அதனால வேற மாதிரி பாருங்க: ஒரு பேடு ரெண்டு மணி நேரம்கூடத் தாங்கலையா, ராத்திரி எந்திரிச்சு மாத்த வேண்டியிருக்கா, ரெண்டு பேடு சேத்து வைக்கிறாங்களா, பாய்ல சேலையில பட்டுருதா, பத்து ரூபா காசு அளவுக்கு மேல கட்டி விழுகுதா, அந்த நாள்ல வேலைக்குப் போகமுடியாம லீவு போடுறாங்களா. இதுல ஒண்ணு ரெண்டு இருந்தாலே அதிகம்தான். துணி வைக்கிறவங்கன்னா எத்தனை தடவை மாத்துனாங்கன்னு எண்ணுனா போதும். வீட்ல தொங்குற மாசக் காலண்டர்ல அந்தந்த தேதிக்குக் கீழ பேடு எண்ணிக்கை, கட்டி விழுந்தா ஒரு பெருக்கல் குறி, இப்படி ரெண்டு மாசம் குறிச்சு எடுத்துட்டுப் போனீங்கன்னா டாக்டருக்கு அது ஸ்கேன் ரிப்போர்ட் அளவுக்கு உதவும். உங்க அம்மாவுக்கு 12 நாள் போகுது, கட்டி விழுகுது, எச்பி 7.8, இதுல சந்தேகத்துக்கே இடமில்ல.

நிக்கப்போற காலத்துல தீட்டு முன்னப்பின்ன வரும், அது உண்மை. ரெண்டு மாசம் வராம இருந்துட்டு வரும், சில மாசம் கம்மியா வரும். கருமுட்டை ஒழுங்கா வெளிய வராத மாசங்கள்ல கர்ப்பப்பை உள்சவ்வு தடிச்சுகிட்டே போய் மொத்தமா கொட்டுறதும் உண்டு. அப்பத்தா காலத்துல இதைப் பாத்துருப்பாக, அதனால சொல்றாக, பொய் இல்ல. ஆனா அதே வயசுலதான் பாலிப் (உள்சவ்வுல வளர்ற சின்ன சதை), ஃபைப்ராய்டு, தைராய்டு, உள்சவ்வுல வர்ற புத்துநோய் எல்லாமே வரும், வெளிய இருந்து பாத்தா எல்லாம் ஒரே ரத்தம்தான். பாக்காம எதுன்னு சொல்லமுடியாது.

இப்ப ரத்தம் கம்மியா இருக்குற விசயம். கர்ப்பமா இல்லாத பொம்பளைக்கு எச்பி 12 இருக்கணும், 8க்குக் கீழ போனா கடுமையான ரத்தசோகைன்னு கணக்கு. 2019-21ல எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசுக்குள்ள இருக்குற பொண்ணுங்கள்ல பாதிப் பேருக்கு மேல ரத்தசோகைன்னு வந்துச்சு. இவ்வளவு பேருக்கு இருக்குறதாலயே இது ஒரு வியாதியாவே யாருக்கும் தெரியமாட்டேங்குது. மெதுவா குறையுறப்ப உடம்பு பழகிக்கும், அதான் 7 கிராம் வச்சுகிட்டு நாத்து நடுறாங்க, மூட்டை தூக்குறாங்க, "வயசாயிருச்சு, முன்ன மாதிரி முடியல"ன்னு மட்டும் சொல்லிக்கிறாங்க. ஆனா நெஞ்சு அதுக்காக ரெண்டு மடங்கு உழைச்சுகிட்டு இருக்கும். படபடப்பு, கால் வீக்கம், முடி கொட்டுறது, நகம் குழிஞ்சு போறது, எதைக் கேட்டாலும் எரிஞ்சு விழுறது, இதெல்லாம் அதோட சேந்ததுதான்.

இன்னொண்ணு கேக்குறேன், உங்க அம்மா வேலை செய்றப்ப வாயில பச்சரிசி போட்டு மென்னுகிட்டே இருப்பாங்களா? மில்லுல வேலை பாக்குறவங்ககிட்ட இதை நிறைய பாத்துருக்கேன். அரிசி திங்கிறதாலதான் ரத்தம் குறையுதுன்னு வீட்ல திட்டுவாங்க. பெரும்பாலும் அது தலைகீழா நடக்குறது. உடம்புல இரும்புச்சத்து குறையுறப்பதான் அரிசி, சாம்பல், சுண்ணாம்பு, செங்கல் தூள், ஐஸ் கட்டி இதையெல்லாம் திங்கணும்னு ஆசை வரும், இரும்புச்சத்து ஏறுனதும் அந்த ஆசை தானா போயிரும். திட்டாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க.

சாப்பாட்டைப் பத்தி எல்லாரும் கேப்பீங்க. ஆட்டு ஈரல், சுவரொட்டி ரெண்டும் நல்ல இரும்புச்சத்து, அசைவத்துல இருக்குற இரும்பு உடம்புல சுலபமா சேரும். கர்ப்பமா இருக்குறவங்க மட்டும் ஈரலை அடிக்கடி சாப்பிடவேணாம், அதுல வைட்டமின் ஏ ரொம்ப அதிகம். முருங்கைக்கீரை, காராமணி, கொள்ளு, எள்ளு, கம்பு, கேழ்வரகு இதெல்லாம் நல்லதுதான், ஆனா காய்கறியில பருப்புல இருக்குற இரும்பு கொஞ்சமாத்தான் சேரும், கூட நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யான்னு ஒண்ணு இருந்தா கூடுதலா சேரும். கவுனி அரிசி கருப்பா இருக்குறதாலயும் பீட்ரூட் செவப்பா இருக்குறதாலயும் ரத்தம் ஊறும்னு நினைக்கிறாங்க, அந்த நிறத்துக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தம் இல்ல. உளுந்தங்களி, கும்மாயம் எல்லாம் செஞ்சு குடுங்க, தெம்பா இருக்கும், வேணாம்னு சொல்லல. ஆனா 7.8ல இருக்குறவங்களுக்கு, அதுவும் மாசாமாசம் கொட்டிகிட்டே இருக்குறவங்களுக்கு, சாப்பாட்டுல மட்டும் ஏறாது, மருந்து கட்டாயம் வேணும். பேரிச்சம்பழம் வாங்கிக் குடுத்துட்டு மாசக்கணக்குல காத்திருந்த குடும்பங்கள் நிறைய.

இரும்புச்சத்து மாத்திரையில நம்மாளுங்க செய்ற தப்பு ரெண்டு. ஒண்ணு, மாத்திரையை டீயோட போடுறது. மில்லுல காலையில ஒரு டீ சாயந்தரம் ஒரு டீன்னு பழக்கம், அதோடயே மாத்திரையும் உள்ள போகும், டீயும் காபியும் இரும்புச்சத்தைச் சேரவிடாது, முன்னப்பின்ன ஒண்ணு ரெண்டு மணி நேரம் இடைவெளி வேணும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் அதே நேரத்துல போடக்கூடாது, ஒண்ணு காலையில ஒண்ணு ராத்திரின்னு பிரிச்சுக்கங்க. ரெண்டாவது, வெளிக்கிப் போறது கருப்பா இருக்குன்னு பயந்து நிறுத்துறது. கருப்பாத்தான் போகும், ஒண்ணும் ஆகாது. வயித்தைப் பெரட்டுச்சு, மலச்சிக்கல் ஆச்சுன்னா நிறுத்தாம டாக்டர்கிட்ட சொல்லி ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமான்னு கேளுங்க, அப்படிப் போட்டாலும் நல்லாவே சேருது, வயிறும் தாங்கும். எச்பி 12 வந்தபிறகும் மூணு மாசம் தொடரணும், இல்லன்னா இருப்பு சேராது, திரும்பவும் இறங்கிரும். நாலு வாரம் ஒழுங்கா போட்டும் ஏறலைன்னா சும்மா மாத்திரையை மாத்திகிட்டே இருக்கக்கூடாது, குடல்புழு இருக்கா, பி12 குறைவா, பரம்பரையா வர்ற தலசீமியா மாதிரி எதுவும் இருக்கான்னு பாக்கணும்.

உங்க அம்மா நிலைமைக்கு மாத்திரையை விட நரம்பு வழியா ஏத்துற இரும்புச்சத்து சரியா வரும்னு நினைக்கிறேன், இதை டாக்டர்கிட்ட நீங்களாவே கேளுங்க. அயர்ன் சுக்ரோஸ்னு ஒண்ணு, சில நாள் இடைவெளி விட்டுப் பல தடவை போடுறது, அரசு ஆஸ்பத்திரிகள்லயும் போடுவாங்க. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ்னு இன்னொண்ணு, ஒரே தடவையில 1,000 மில்லிகிராம் வரைக்கும் ஏத்தலாம், விலை கூட. எதுவா இருந்தாலும் ஆஸ்பத்திரியிலதான் போடணும், போட்டு அரை மணி நேரம் உக்காரவச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்பணும், வீட்டுக்கு வந்து ஊசி போடுறவங்ககிட்ட குடுத்துப் போடாதீங்க. எச்பி 7க்குக் கீழ போனா, இல்ல உக்காந்துருக்குறப்பவே மூச்சு வாங்குனா ரத்தமே ஏத்தவேண்டி வரலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடு நனைஞ்சு அது ரெண்டு மணி நேரத்துக்கு மேல போனாலோ, தலை சுத்தி விழுந்தாலோ, நெஞ்சு வலிச்சாலோ, ராத்திரின்னு பாக்காதீங்க, விடியட்டும்னு காத்திருக்காதீங்க, 108க்கு போன் பண்ணிருங்க.

சரி, காரணம் கண்டுபிடிக்கிறது. 47 வயசா இருந்தாலும் முதல்ல சிறுநீர்ல கர்ப்பப் பரிசோதனை பண்ணுவாங்க, அம்மா கூச்சப்பட்டா சொல்லிவைங்க, இது எல்லாருக்கும் பண்றதுதான், தீட்டு முழுசா நின்னு 12 மாசம் ஆகுறவரைக்கும் கரு தங்க வாய்ப்பு இருக்கு. அப்புறம் ரத்தத்துல முழு அணுக்கள் எண்ணிக்கை, இரும்புச்சத்து இருப்பைக் காட்டுற ஃபெரிட்டின், தைராய்டுக்கு டிஎஸ்எச். தைராய்டு ஒழுங்கா சுரக்காததாலயே கொட்டுறது உண்டு, அதுக்கு ஒரு சின்ன மாத்திரை போதும், அதைப் பாக்காம கர்ப்பப்பையை எடுத்துட்டா எவ்வளவு அநியாயம் பாருங்க. நெஞ்சுவலிக்கோ பக்கவாதத்துக்கோ ரத்தத்தை இளக்குற மாத்திரை போடுறாங்களா, காப்பர் டி எப்பவோ வச்சு அப்படியே மறந்துட்டாங்களா, இதையும் டாக்டர் கேக்காட்டியும் நீங்க சொல்லிருங்க.

ஃபைப்ராய்டுன்னு கேட்டதும் பயந்துட்டீங்க. அது புத்துநோய் இல்ல, 40 வயசு தாண்டுன நிறைய பேருக்கு இருக்கும், பாதிப் பேருக்கு இருக்குறதே தெரியாது. தீட்டு நின்னபிறகு தானா சுருங்கும். அளவை விட எந்த இடத்துல இருக்குங்கிறதுதான் முக்கியம். கர்ப்பப்பைக்கு வெளிப்பக்கமா 2 சென்டிமீட்டர்ல ஒண்ணு ஒட்டிகிட்டு இருந்தா இவ்வளவு ரத்தப்போக்குக்கு அது காரணமா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. அதே 2 சென்டிமீட்டர் உள்பக்கம் சவ்வுக்கு அடியில துருத்திகிட்டு இருந்தா அதுவே கொட்டவைக்கும், ஆனா அதை மட்டும் கீழ்வழியா டியூப் விட்டு எடுத்துறலாம், வயித்தைக் கிழிக்க வேண்டியதில்ல. பாலிப்பும் அப்படித்தான். கர்ப்பப்பை சுவத்துக்குள்ளயே சவ்வு வளந்து கனத்துப் போற அடினோமயோசிஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல ரத்தப்போக்கோட கடுமையான வலியும் இருக்கும், அம்மாவுக்கு வலி எப்படின்னு நீங்க எழுதல.

இப்ப சொல்லப்போறதுதான் எனக்கு இதுல பெரிய விசயம். 45 வயசுக்கு மேல இப்படிக் கொட்டுனா கர்ப்பப்பை உள்சவ்வுல இருந்து ஒரு துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும், அதுக்கு எண்டோமெட்ரியல் பயாப்சின்னு பேரு. உடம்பு பருமன், சுகர், பிரசர், சின்ன வயசுல இருந்தே நீர்க்கட்டின்னு தீட்டு தள்ளித்தள்ளி வந்தவங்க, மார்புப் புத்துநோய்க்கு டமாக்சிஃபென் மாத்திரை போட்டவங்க, இவங்களுக்கெல்லாம் 45 வரைக்கும்கூடக் காத்திருக்கக்கூடாது. மெல்லிசு பிளாஸ்டிக் குழாயை உள்ள விட்டு உறிஞ்சி எடுப்பாங்க, ஓபியிலயே சில நிமிசத்துல முடிஞ்சிரும், தீட்டு வலி மாதிரி சுருக்குன்னு வலிக்கும், அன்னைக்கே வீட்டுக்கு வந்துறலாம். சில பேருக்கு மயக்கம் குடுத்து டி அண்ட் சி பண்ணி, அதாவது உள்சவ்வைச் சுரண்டி எடுப்பாங்க. சதை எடுத்தா வியாதி பரவிரும்னு ஊர்ல ஒரு பேச்சு இருக்கு, அதைக் கேட்டு எத்தனை பேர் டெஸ்ட் வேணாம்னு எந்திரிச்சுப் போயிருக்காங்க. அப்படிப் பரவாது. இந்த டெஸ்ட் பண்ணாம கர்ப்பப்பையை எடுத்து, அப்புறம் எடுத்த சதையில புத்துநோய்னு ரிப்போர்ட் வந்தா, முதல்லயே தெரிஞ்சிருந்தா அந்த ஆப்பரேசனையே வேற மாதிரி, அதுக்குன்னு இருக்குற டாக்டர் பண்ணிருப்பாங்க. ரிப்போர்ட் நல்லபடியா வந்துச்சுன்னா மருந்துல சரிபண்ற வழி தாராளமா திறந்துருக்கு. எப்படிப் பாத்தாலும் அந்த ரிப்போர்ட் கைக்கு வராம ஆப்பரேசன் தேதி குறிக்காதீங்க.

மருந்துன்னு பாத்தா, கொட்டுற நாள்ல மட்டும் போடுற ட்ரானெக்ஸாமிக் ஆசிட் ஒண்ணு, நாலஞ்சு நாளுக்கு மேல போடுறதில்ல, ஓட்டத்தைப் பாதி வரைக்கும் குறைக்கும். கால் நரம்புல ரத்தம் உறைஞ்சவங்க, பக்கவாதம் வந்தவங்க இதைப் போடக்கூடாது, மெடிக்கல்ல கேட்டு நீங்களா வாங்காதீங்க. வலியும் சேந்து இருந்தா மெஃபனமிக் ஆசிட். ஹார்மோன் மாத்திரை சில மாசத்துக்குக் குடுப்பாங்க. அதைவிட நல்லா வேலை செய்றது கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற ஹார்மோன் லூப், காப்பர் டி மாதிரியே இருக்கும், ஆனா காப்பர் டி ரத்தப்போக்கைக் கூட்டும், இது ரொம்பவே குறைச்சிரும், சில பேருக்கு முழுசாவே நின்னுரும், 5 வருசத்துக்கு இருக்கும். சில ஆயிரம் ரூபா ஆகும். முதல் மூணு மாசம் ஆறு மாசம் சொட்டுசொட்டா பட்டுகிட்டே இருக்கும், அதைச் சொல்லாம வச்சுவிட்டா "இது சரிப்படல"ன்னு எடுத்துருவாங்க, அதனால முன்னாடியே சொல்றேன். உங்க அம்மாவுக்கு 47, இன்னும் சில வருசத்துல தீட்டே நின்னுரும், அதுவரைக்கும் தாண்டுறதுக்கு இந்த லூப் ஒண்ணே பல பேருக்குப் போதுமா இருந்துருக்கு.

ஆப்பரேசனே கூடாதுன்னு நான் சொல்லல. பயாப்சியில தப்பா வந்தா, கட்டி பெருசா பலதா இருந்தா, மருந்தெல்லாம் முறையா பாத்தும் நிக்கலைன்னா, கர்ப்பப்பை கீழ இறங்கி உக்காரமுடியாம கஷ்டப்பட்டா, அப்ப எடுக்குறதுதான் சரி, எடுத்தபிறகு "ஏன் முன்னாடியே பண்ணல"ன்னு நிம்மதியா சொன்னவங்களும் இருக்காங்க. ஆனா "இனிமே அது எதுக்கு"ங்கிறது ஒரு காரணமே இல்ல. மயக்க மருந்து, ரத்த இழப்பு, பக்கத்துல இருக்குற மூத்திரப்பைக்கு அடிபடுறது, இதெல்லாம் எந்தப் பெரிய ஆப்பரேசன்லயும் இருக்குற அபாயம். 7.8 எச்பியோட அவசரமில்லாத ஆப்பரேசன் பண்ணவும் மாட்டாங்க, எப்படியும் எச்பியை ஏத்திட்டுத்தான் பண்ணணும், அதனால உங்களுக்கு யோசிக்க நேரம் இருக்கு. அப்படியே பண்ணுறதா முடிவானா, கருமுட்டைப்பையை வைக்கிறீங்களா எடுக்குறீங்களான்னு கட்டாயம் கேளுங்க, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பர்ல என்ன எழுதிருக்குன்னு படிங்க. ரெண்டு பக்கமும் எடுத்துட்டா ஒரே நாள்ல தீட்டு நின்ன மாதிரி, உடம்பு எரிச்சல், தூக்கமின்மை, எலும்பு தேய்மானம், நெஞ்சுக்கும் பாதிப்பு. "எல்லாத்தையும் சேத்து எடுத்துட்டா தொல்லை விட்டுச்சு"ன்னு சொல்றதுக்குத் தலையாட்டிறாதீங்க.

இப்படி அவசியமில்லாம கர்ப்பப்பையை எடுக்குறது நாடு முழுக்கவே பிரச்சினையாகி, 2022ல மத்திய சுகாதாரத்துறை அதைத் தடுக்கவே வழிகாட்டு நெறி போட்டாங்க, 2023 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் எல்லா மாநிலமும் அதை மூணு மாசத்துல அமல்படுத்தணும்னு சொல்லுச்சு. அதனால ரெண்டாவது டாக்டர்கிட்ட கருத்து கேக்குறது அந்த டாக்டரை அவமதிக்கிறதுன்னு நினைக்காதீங்க, அது உங்க அம்மாவோட உரிமை. ரிப்போர்ட், ஸ்கேன் படம் எல்லாம் கேட்டு வாங்கிக்கங்க. காரைக்குடி அரசு ஆஸ்பத்திரியில காட்டுங்க, இல்லன்னா சிவகங்கை மெடிக்கல் காலேஜ், திருமயம் பொன்னமராவதி பக்கம் இருக்குறவங்களுக்குப் புதுக்கோட்டை மெடிக்கல் காலேஜ், அதையும் தாண்டி வேணும்னா மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா எடுத்துட்டுப் போங்க, எந்தச் சிகிச்சைக்குச் செல்லும்னு அங்க கவுண்டர்லயே கேட்டுக்கலாம். எங்க போறதுன்னே புரியலைன்னா அரசு சுகாதார உதவி எண் 104க்கு போன் பண்ணிக் கேக்கலாம்.

இதோட சேத்து மூணு விசயம், கேள்வியில இல்ல, ஆனா நம்ம பக்கத்துல இதைச் சொல்லாம விடமுடியாது.

ஒண்ணு, நாள் தள்ளிப்போடுற மாத்திரை. மாசி பங்குனியில மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் பால்குடம், தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை, வீட்ல சாந்தி கல்யாணம், கும்பாபிஷேகம்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும், மெடிக்கல்ல போய்க் கேட்டு வாங்கிப் போட்டுக்குறாங்க. எப்பவாச்சும் ஒரு தடவை, டாக்டர் சொல்லி, வரவேண்டிய தேதிக்கு மூணு நாள் முன்னாடி ஆரம்பிச்சுப் போடுறதுல பெரிய கெடுதல் இல்ல, நிறுத்துன ரெண்டு மூணு நாள்ல வந்துரும். ஆனா வருசத்துல நாலஞ்சு தடவை போடுறது, இருபது நாள் முப்பது நாள்னு இழுக்குறது, பாதியில விட்டுட்டுத் திரும்பப் போடுறது, இதெல்லாம் தீட்டு கண்டபடி வர்றதுக்கு ஒரு காரணம். ஏற்கனவே கொட்டிகிட்டு இருக்குறவங்க டாக்டர்கிட்ட இதை மறைக்கவே கூடாது. ரத்தம் உறைஞ்ச வியாதி, கல்லீரல் கோளாறு உள்ளவங்க தொடவே வேணாம்.

ரெண்டாவது, தீட்டு நின்னு வருசக்கணக்கு ஆன ஆச்சிமாருக. பெரிய வீட்ல தனியா இருப்பாக, பிள்ளைக சிங்கப்பூர்லயோ சென்னையிலயோ. அறுபது எழுபது வயசுல திடீர்னு உள்பாவாடையில லேசா ரத்தக்கறை தெரியும். சூடுன்னு நினைச்சு வெந்தயத்தை ஊறவச்சுக் குடிப்பாக, மருமககிட்டச் சொல்லக் கூச்சப்பட்டுத் துணியைத் தானே அலசிப் போட்ருவாக. கடைசியா தீட்டு வந்து 12 மாசம் முழுசா ஆனபிறகு ஒரு சொட்டு பட்டாலும் அது சாதாரணம் இல்ல. பத்துப் பேர்ல ஒம்போது பேருக்கு சவ்வு வறண்டு போறது, பாலிப் மாதிரி சின்ன காரணமாத்தான் இருக்கும், ஆனா பத்துல ஒருத்தருக்குப் புத்துநோயா இருக்கலாம். ஆறுதலான விசயம் என்னன்னா உள்சவ்வுப் புத்துநோய் இப்படி ரத்தத்தைக் காட்டி முன்னாடியே தன்னைச் சொல்லிரும், அப்பவே வந்தா பெரும்பாலும் ஆப்பரேசன்லயே குணமாயிரும். ஸ்கேன்ல சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா சதை எடுத்துப் பாப்பாங்க. ஊருக்கு வீடியோ கால் போடுறப்ப சுகர் பிரசர் கேக்குற மாதிரி இதையும் ஒரு வார்த்தை கேளுங்க, மகன் கேக்கமுடியாதுன்னா மகளோ மருமகளோ கேக்கட்டும்.

மூணாவது, வெள்ளைப்படுதலுக்காகவும் கர்ப்பப்பையை எடுத்தவங்களை நான் பாத்துருக்கேன், அதுக்கு அது வைத்தியமே இல்ல. வாடை, அரிப்பு, தயிர் மாதிரி திட்டுத்திட்டா, பச்சையா மஞ்சளா வந்தா மட்டும் காட்டி மாத்திரை வாங்கணும், சில தொற்றுக்கு வீட்டுக்காரருக்கும் சேத்துத்தான் மாத்திரை. உறவுக்கு அப்புறம் ரத்தம் படுதுன்னா அது வேற, கர்ப்பப்பை வாயைப் பாத்தே ஆகணும். 30 வயசு தாண்டுன எல்லாரும் ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பப்பை வாய்ப் புத்துநோய்க்கான டெஸ்ட் எடுத்துக்கலாம், ஒரு அமிலத்தைத் தொட்டுவச்சு நிறம் மாறுதான்னு பாப்பாங்க, காசு கிடையாது, 5 வருசத்துக்கு ஒரு தடவை போதும். அங்கயே மார்பையும் பாக்கச் சொல்லுங்க. அம்மாவுக்கு ரத்தம் நின்ன நாளா பாத்து இதையும் முடிச்சுருங்க, படுற நாள்ல இந்த டெஸ்ட் எடுக்கமாட்டாங்க.

அம்மா மில்லுக்கு இப்ப போகவேணாம், எச்பி 10 வர்றவரைக்குமாவது மூட்டை, படி, வெயில் மூணும் வேணாம். அப்பத்தாகிட்ட சண்டை போடாதீங்க, ஆப்பரேசன் இப்ப இல்ல, ரத்தத்தைக் கூட்டத்தான் போறோம்னு சொல்லுங்க, அவுகளே கூட வருவாக. நீங்க ஒரு நாள் லீவு போட்டு முதல் தடவையாவது கூடப் போங்க, ஏன்னா தனியா போனா கூச்சத்துல "கொஞ்சம் அதிகமா போகுது"ன்னு ஒரு வரியில முடிச்சுருவாங்க. அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டுல ஃபைப்ராய்டு எந்த இடத்துலன்னும், எண்டோமெட்ரியம் எத்தனை மில்லிமீட்டர்னும் ரெண்டு வரி இருக்கும். பேரு ஊரு எதுவும் வேணாம், அந்த ரெண்டு வரியை மட்டும் எழுதுங்க, அதோட வலி எப்படி இருக்கு, சுகர் இருக்கா, வேற என்ன மாத்திரை போடுறாங்கன்னும் சொல்லுங்க, டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி என்னென்ன கேக்கணும்னு இன்னும் தெளிவா எழுதுறேன்.